ஏறுசுருதிக் கலாநிதி

பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் கலாநிதி கொன்ஸ்ரன்ரைனுக்கென்று ஒரு பக்கம் இருந்தது. அதில் ‘கற்பித்தல், ஆய்வு ஆர்வங்கள்’ என்ற தலைப்பின் கீழ் ஐந்து விடயங்கள்: இசைக் கோட்பாடு, சுருதி அளவீடு, இராக இலக்கண வரலாறு, மன்னார்க் கரையோரப் பசாம் பாட்டில் ஏறுசுருதி, நாட்டார் பாடல்களைச் சுரக் குறிப்பில் எழுதுதல். விரிவுரையாளர்கள் பொதுவாக இந்தப் பட்டியலை நீட்டச் சொல்லித்தான் நிர்வாகக் கந்தோருக்குக் கடிதம் எழுதுவார்கள். இவர் நான்காவதை எடுத்துவிடச் சொல்லி எழுதினார். மூன்று தரம் எழுதினார். இவ்வளவு பெயர் வாங்கித் தந்த விடயத்தை ஒரு மனிதன் ஏன் எடுக்கச் சொல்வான், கடிதத்தில்தான் ஏதோ பிழை நடந்திருக்கிறது என்று கந்தோரில் முடிவெடுத்து, மூன்றாம் தரம் அந்த வரியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டுவிட்டார்கள்.

கொன்ஸ்ரன்ரைன் மன்னார்த் தீவில் உள்ள தாழ்வுபாட்டுக்காரர். தகப்பன் கடல்தொழில் செய்தவர். மகன் இசை படிக்கப் போகிறான் என்றதும் தகப்பனுக்குச் சந்தோசம், கோயிலில் பாட ஒரு குரல் கிடைக்கும் என்று. மகன் படிப்பது பாடுவதற்கல்ல, பாட்டை அளப்பதற்கு என்று தெரிந்தபோது, “கரையில நிண்டு கடலை அளக்கிற உத்தியோகம்” என்று ஒரு வசனம் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வசனத்தில் உண்மை இருந்தது. கொன்ஸ்ரன்ரைன் சபையில் ஒரு நாளும் பாடியதில்லை. துறையில் மற்றவர்கள் எல்லோரும் கச்சேரி செய்பவர்கள். மார்கழியில் வெளியூர் போவார்கள், பொன்னாடையோடு திரும்பி வருவார்கள். இவர் ஒரு அடிமட்டத்தையும் தந்தி கட்டிய ஒரு பலகையையும் தூக்கிக்கொண்டு விரிவுரைக்குப் போவார். மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டம் ‘சுருதிப்பெட்டி’. சத்தம் உண்டு, பாட்டு இல்லை.

ஆனால் நல்ல ஆசிரியர். ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையில் உள்ள தூரத்தைத் தந்தியில் கீறிக் காட்டினார் என்றால் பிறகு ஒருவருக்கும் மறக்காது. ஒவ்வொரு வருடமும் முதல் விரிவுரையை ஒரே வாக்கியத்தில் தொடங்குவார்: “பாடுறவரை நம்பாதேங்கோ, கேக்கிறவரையும் நம்பாதேங்கோ, அளவை நம்புங்கோ.” பின்வரிசையில் இருப்பவர்கள் அதைக் கொப்பியில் எழுதிவிட்டு, கீழே சின்னதாக, “சுருதிப்பெட்டியை?” என்று கேள்விக்குறி போடுவார்கள்.

அவருக்குப் பெயர் தந்தது பசாம். தவக்காலத்தில், கிறிஸ்துவின் பாடுகளை நினைத்து மன்னார்க் கரையோரத்துக் கத்தோலிக்கர் பாடுகிற புலம்பல் அது. ஒருவர் முன்னால் பாட, மற்றவர்கள் பின்பாட்டாக அடியைத் திருப்பி எடுப்பார்கள். துறையில் இருந்தவர்கள் அதை இசை என்று எண்ணவில்லை. கொன்ஸ்ரன்ரைன் அவர்களுடைய கச்சேரிகளை ஆராய்ச்சி என்று எண்ணவில்லை. ஆகவே இரு தரப்பும் சமாதானமாக இருந்தார்கள்.

அவருடைய கண்டுபிடிப்பைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். உலகத்தில் எவர் பாடினாலும் ஒரு ஆதார சுருதியைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நின்று பாடப் பார்ப்பார். விடத்தல்தீவில் பசாம் பாடுகிறவர்கள் அப்படிச் செய்வதில்லை. பாட்டுத் தொடங்கி முடிகிற முக்கால் மணித்தியாலத்துக்குள் ஆதார சுருதியே மெல்ல மெல்ல, கேட்பவருக்குத் தெரியாதபடி, ஒரு முழுச் சுரம் மேலே போய்விடுகிறது. நடையும் கூடவே விரைகிறது. கெத்சமனித் தோட்டத்தில் தாழ்ந்து தொடங்கும் துயரம் கல்வாரி மலையில் ஏறி முடிகிறது. இதற்கு அவர் ‘ஏறுசுருதி’ என்று பெயர் வைத்தார். 1998இல் கலாநிதிப் பட்டம், 2001இல் புத்தகம், அதற்குப் பிறகு வெளிநாட்டு மகாநாடு ஒன்று. அங்கே வயதான பேராசிரியர் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினாராம். பரீட்சைத்தாளில் ஒரு நிரந்தரக் கேள்வி: ‘ஏறுசுருதியை உதாரணத்துடன் விளக்குக. இருபது புள்ளிகள்.’

உதாரணம் அருள்நாயகி.

1994ஆம் ஆண்டு தவக்காலத்தில், கொன்ஸ்ரன்ரைன் ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடு மன்னார்த் தீவிலிருந்து, பெருநிலப்பரப்பில் இருக்கிற விடத்தல்தீவுக்குப் போனார். யுத்தகாலம். அந்தப் பக்கம் கொண்டுபோகக் கூடாத சாமான்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. காவலரணில் நின்ற சிப்பாய் கருவியைத் திறந்து ஆறு பற்றரிகளையும் எடுத்துவிட்டு, கருவியை மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார். விடத்தல்தீவில் மின்சாரமும் இல்லை. ஆனால் அந்த ஊருக்கு மின்சாரம் இல்லாமல் வாழத் தெரிந்திருந்தது. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின் சில்லை மிதித்துச் சுற்றினால் டைனமோவில் மின்சாரம் வரும். அதில் றேடியோ கேட்பார்கள், செய்தி கேட்பார்கள், பாட்டுக் கேட்பார்கள். அதே மின்சாரத்தில் பாட்டைப் பதியவும் செய்யலாம் என்பது கொன்ஸ்ரன்ரைனின் யோசனை.

அருள்நாயகிக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. ஊரில் பெரிய வெள்ளிக்கிழமைப் பசாமில் முன்னால் நின்று பாடுவது அவர்தான். மிதித்தது அவருடைய புருசன் சிங்கராசா. சைக்கிள் சத்தம் பதிவில் விழக்கூடாது என்பதற்காக, அவரை வேலிக்கு அப்பால் இருத்தி, நீண்ட வயரை இழுத்து வந்தார்கள். பின்னேரம் ஆறு மணிக்குக் கோயிலில் திரிகாலச் செபத்துக்கு மணி அடித்தது. பதிவு தொடங்கியது. ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் செபமாலைக்கு மணி அடித்தது. பாட்டும் ஒலிநாடா ரேப்பும் ஒன்றாக முடிந்தன. அருள்நாயகி தண்ணீர் குடித்தார். வேலிக்கு அப்பாலிருந்து சிங்கராசா, “முடிஞ்சுதோ, இல்லாட்டி இன்னும் ஆண்டவர் சாகேல்லையோ?” என்று கேட்டார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த நாற்பது சொச்ச நிமிடங்களும் கொன்ஸ்ரன்ரைனின் காதுக்குச் சுருதி ஏறியதாகத் தெரியவில்லை. அருள்நாயகி அடித்து வைத்த ஆணி மாதிரி ஒரே இடத்தில் நின்றார். வீட்டுக்கு வந்து, நல்ல மின்சாரத்தில் ரேப்பைப் போட்டு அளந்தபோதுதான் சுருதி ஏறியிருந்தது. காது ஒன்று சொன்னது, கருவி வேறொன்று சொன்னது. முதல் விரிவுரையில் தானே சொல்கிற வாக்கியம் அவருக்கு ஞாபகம் வந்தது. கருவியை நம்பினார். பிறகு அயலில் இரண்டு ஊர்களுக்குப் போய் இதே கருவியில், இதே முறையில் பதிந்தார். இரண்டு ஊரிலும் சுருதி ஏறியது. இரண்டு ஊரிலும் மிதித்தவர்கள் களைத்தும் போனார்கள். இந்த இரண்டாவது விடயத்தை அவர் அளக்கவில்லை.

மறைத்தார் என்றும் சொல்ல முடியாது. ஆய்வேட்டின் நான்காம் பக்கத்தில், நன்றியுரையில், ‘ஒலிப்பதிவு முழுவதற்கும் சைக்கிள் மிதித்து மின்சாரம் வழங்கிய திரு. சிங்கராசா அவர்களுக்கு’ என்று அச்சிலேயே இருக்கிறது. பரீட்சகர் மூவரும் அதை வாசித்தார்கள். ஒருவர் பக்க ஓரத்தில், ‘நெஞ்சைத் தொடுகிறது’ என்று பென்சிலால் எழுதினார்.

2010இல், ஏறுசுருதி பற்றி அவர் அனுப்பிய கட்டுரையை வாசித்துவிட்டு ஒரு ஆய்விதழ் ஆசிரியர் கேட்டார்: ரேப் சீரான வேகத்தில் ஓடியது என்பதற்கு என்ன ஆதாரம்? நியாயமான கேள்வி. கொன்ஸ்ரன்ரைனுக்கு உற்சாகம் வந்தது, ஏனென்றால் அவரிடம் ஆதாரம் இருந்தது. பதிவின் தொடக்கத்தில் கோயில் மணி, முடிவிலும் கோயில் மணி. விடத்தல்தீவுக் கோயிலில் இருந்தது ஒரே ஒரு மணி. இரண்டு இடத்திலும் மணி ஒரே சுரத்தில் ஒலித்தால் ரேப் சீராக ஓடியிருக்கிறது. ஏறியது பாட்டு மட்டும்தான் என்று நிரூபணமாகிவிடும். ரேப்பைக் கணினியில் ஏற்றி, முதல் மணியை அளந்தார். கடைசி மணியை அளந்தார். கடைசி மணி ஒரு முழுச் சுரம் மேலே இருந்தது.

வெண்கலத்துக்குப் பக்தி ஏறுவதில்லை.

கதிரையில் இருந்தபடியே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சிங்கராசா களைக்கக் களைக்க மின்சாரம் குறைந்திருக்கிறது. மின்சாரம் குறையக் குறைய ரேப் மெதுவாக ஓடிப் பதிந்திருக்கிறது. மெதுவாகப் பதிந்ததை நல்ல மின்சாரத்தில் போட்டால் அது விரைவாக ஓடும், குரல் கூர்ந்து மேலே போகும். பன்னிரண்டு வருடமாக அவர் உலகத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தது கல்வாரித் துயரமல்ல, ஒரு மீனவரின் கால் நோவு.

அவர் கணினியை மூடினார். ஆசிரியருக்கு, கட்டுரையைத் திருப்பி எடுத்துக்கொள்வதாக ஒரு வரி எழுதினார். வேறு ஒருவருக்கும் ஒன்றும் எழுதவில்லை.

அதற்குப் பிறகு வந்த மூன்று வருடங்களில் அவருடைய நடத்தை மாணவர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஏறுசுருதிக் கேள்விக்கு என்ன எழுதினாலும் பதினெட்டுப் புள்ளி கிடைத்தது. ஒரு பெண்பிள்ளை ஒன்றுமே எழுதாமல் விட்ட இடத்துக்கு இருபதும் போட்டார். “இந்தப் பிள்ளை ஒருத்திதான் பிழையா ஒண்டும் எழுதேல்லை” என்று மற்றப் பரீட்சகருக்கு விளக்கம் சொன்னார். அவர் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டார். கொன்ஸ்ரன்ரைன் முதல் விரிவுரையில் சொல்லும் வாக்கியத்தையும் நிறுத்தினார். இணையத்தளத்துக்குக் கடிதங்கள் எழுதியதும் இந்தக் காலத்தில்தான். புத்தகம் மூன்றாம் பதிப்புக் கண்டது. திருத்தம் ஏதும் உண்டோ என்று பதிப்பாளர் கேட்டபோது, நூற்று ஆறாம் பக்கத்தில் ஒரு கால்புள்ளியைத் திருத்தி அனுப்பினார்.

தன்னைச் சமாதானப்படுத்த அவரிடம் ஒரு நியாயமும் இருந்தது: இந்தப் பிழையால் ஒருவருக்கும் ஒரு சேதமும் இல்லை. சுருதி ஒரு பாலம் அல்ல, பிழையாகக் கட்டினால் சனம் விழுந்து சாக.

2013 தவக்காலத்தில் மன்னாரில் பசாம் போட்டி ஒன்று வைத்தார்கள். கரையோரக் கோயில் பங்குகளிலிருந்து குழுக்கள் வந்தன. பிரதம நடுவர் வேறு யார், கலாநிதி கொன்ஸ்ரன்ரைன்தான். காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தார், “சேர், காய்ச்சலோட வந்து இருந்தாலும் காணும்” என்றார்கள். புள்ளித்தாளைக் கையில் தந்தபோதுதான் பார்த்தார். குரல்வளம், உச்சரிப்பு, பக்தி, பின்பாட்டு. ஐந்தாவது: ஏறுசுருதி, இருபது புள்ளிகள்.

முதலில் தாழ்வுபாட்டுக் குழு. பழக்கியவர் றோஸ்மேரி, கொன்ஸ்ரன்ரைனின் பழைய மாணவி, இப்போது சங்கீத ரீச்சர். பன்னிரண்டு பெண்கள் நின்றார்கள். புத்தகத்தில் எழுதியிருந்தபடி, எழுதியிருந்த அளவுக்கு, ஒரு முழுச் சுரம் ஏறினார்கள். ஒலிவ மலையில் சாதாரணமாகத் தொடங்கியவர்கள் சிலுவையடிக்கு வந்தபோது, முன்வரிசையில் இருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். கொன்ஸ்ரன்ரைனுக்கு வியர்த்தது. உலகத்தில் இல்லாத ஒன்று அவருக்கு முன்னால், அவருடைய சொந்த ஊர்ப் பிள்ளைகளின் வாயிலிருந்து, அவர் எழுதின அளவுப்படி வந்துகொண்டிருந்தது.

கடைசியில் விடத்தல்தீவு. அருள்நாயகிக்கு அறுபத்தேழு வயது. இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, கோயிலைத் திருத்திய சனத்தில் ஒருவர். நாற்பது நிமிடம் பாடினார். தொடங்கிய இடத்தில் தொடங்கி அதே இடத்தில் முடித்தார். கொன்ஸ்ரன்ரைனின் கையில் கருவி ஏதும் இல்லை, காது மட்டும்தான் இருந்தது. காது இந்த முறையும் சரியாகத்தான் சொன்னது.

மற்ற இரண்டு நடுவர்களும் ஏறுசுருதிக்கு நேரே பூச்சியம் போட்டார்கள். ஒருவர் அவர் பக்கம் சாய்ந்து, “சேர், இவவைப் பற்றித்தானே நீங்கள் எழுதினனீங்கள்? வயசு போட்டுது, பாவம்” என்றார். இந்த இடத்தில் கலாநிதி கொன்ஸ்ரன்ரைன் எழுந்து நின்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அவர் இருபது போட்டார். அதனால் ஒன்றும் மாறவில்லை. முதலிடம் தாழ்வுபாட்டுக்கு, நாலாமிடம் விடத்தல்தீவுக்கு. மொத்தம் நாலு குழுதான் வந்திருந்தது.

கேடயம் கொடுத்து முடிந்தபிறகு அருள்நாயகி அவரைத் தேடி வந்தார். கோபத்தோடு வருகிறார் என்று நினைத்து, கொன்ஸ்ரன்ரைன் மனத்துக்குள் ஒரு பதிலையும் ஆயத்தப்படுத்திக்கொண்டார். அருள்நாயகி கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“தம்பி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்கட பேரைக் கெடுத்துப்போட்டன்.”

“என்னக்கா கதைக்கிறியள்?”

“ஏத்தேல்லையாம். அந்த ரீச்சர் பிள்ளை சொன்னா, அந்தக் காலத்தில நான் ஏத்தினதை நீங்கள் புத்தகத்தில போட்டிருக்கிறியளாம். நான் ஏத்துறனெண்டு எனக்கே தெரியாது. அப்ப தன்பாட்டில ஏறியிருக்குது, இப்ப ஏறேல்லை. குரல் செத்துப்போச்சு.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: “இந்தப் பெரிய வெள்ளிக்கு நான் பாடேல்லை. சுவாமியாரிட்டச் சொல்லிப்போட்டன். ஆண்டவரின்ர பாட்டை அரைகுறையாப் பாடக்கூடாது.”

கொன்ஸ்ரன்ரைன் ஆயத்தப்படுத்திய பதில் இதற்குப் பொருந்தவில்லை. “பஸ்ஸுக்கு நேரமாகுதெல்லோ அக்கா” என்றார். அந்த வசனத்தைத் தன்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை என்று பிறகு சொன்னார்.

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். சொந்தப் பங்குக்குப் போகவில்லை, அங்கே குரலை வைத்தே ஆளைப் பிடித்துவிடுவார்கள். வேறு பங்கில் இருந்த யோசேப் சுவாமியிடம் போனார். அங்கே நடந்ததை அவரே வெளியில் சொன்னார், சுவாமியார் சொல்லவில்லை.

“என்ன பாவம் செய்தனீங்கள்?”

“ஒரு மணியின்ர சத்தத்தை மறைச்சுப்போட்டன் சுவாமி.”

“கோயில் மணியோ?”

“ஓம்.”

“மணியைக் களவெடுத்தவையைக் கண்டிருக்கிறன். சத்தத்தை ஒளிச்சவரை இண்டைக்குத்தான் காணுறன். விளக்கமாச் சொல்லுங்கோ.”

விளக்கமாகச் சொன்னார். டைனமோ, ரேப், ஒரு முழுச் சுரம், போட்டி எல்லாம். வெளியே வரிசையில் நின்றவர்கள், உள்ளே இருப்பவர் எவ்வளவு பெரிய பாவியாக இருக்க வேண்டும் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எட்டாம் கட்டளை,” என்றார் சுவாமியார் கடைசியில். “பொய்ச்சாட்சி. ஆனா முதல் பன்னிரண்டு வரியமும் உங்களுக்குத் தெரியாது, அது கணக்கில்லை. மிச்சம் மூண்டு வரியம். அந்த மனிசி இப்ப என்ன நினைச்சுக்கொண்டிருக்கிறா?”

“தன்ர குரல் செத்துப்போச்செண்டு.”

“பத்துத்தரம் அருள்நிறைந்த மரியே சொல்லுங்கோ எண்டு நான் சொன்னா, இப்பவே முழங்காலில நிண்டு சொல்லுவியள், என்ன?”

“ஓம் சுவாமி.”

“அதுதான் அதைச் சொல்லேல்லை. விடத்தல்தீவுக்கு பஸ் எத்தினை மணிக்கு?”

அருள்நாயகி முற்றத்தில் பாய் விரித்து றால் காயவிட்டுக்கொண்டிருந்தார். சிங்கராசா மா மரத்துக்குக் கீழே கதிரையில் இருந்தார், எழுபது கடந்தவர், முழங்காலில் எண்ணெய் பூசியிருந்தார். கொன்ஸ்ரன்ரைன் இருக்கச் சொன்ன கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னார். ஒரு விரிவுரையாளருக்கு எவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு சுருக்கமாகச் சொன்னார்.

முதலில் வாய் திறந்தது சிங்கராசா.

“நான் ஒருக்காலும் நிப்பாட்டேல்லை!”

“நிப்பாட்டேல்லை அண்ணை. மெதுவாயிட்டியள்.”

“மெதுவாகாமல்? முதல் நாள் முழுக்கக் கடலுக்கை. வந்து ஒரு பிளேன்ரீதான். இவ கல்வாரிக்குப் போகமுதல் நான் போயிட்டன்.”

“நீங்கள் பொறுங்கோ,” என்றார் அருள்நாயகி. றாலை விட்டு எழும்பினார். “தம்பி, அப்ப நான் ஏத்தேல்லை?”

“இல்லையக்கா.”

“அண்டைக்கும் ஏத்தேல்லை?”

“அண்டைக்கும் இல்லை. அண்டைக்கும் இண்டைக்கும் நீங்கள் நிண்ட இடம் ஒண்டுதான்.”

அருள்நாயகியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கொன்ஸ்ரன்ரைன் அதைப் பார்த்தார், தன்னுடைய வேலை முடிந்தது என்று நினைத்தார். பிறகு அதே முகத்தில் வேறொன்று வந்தது.

“இது உங்களுக்கு எப்ப தெரியும்?”

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. “மூண்டு வரியம்” என்றார்.

“அப்ப அண்டைக்கு மேடையில இருக்கேக்கையும் தெரியும்.”

“ஓம்.”

“நான் வந்து மன்னிப்புக் கேக்கேக்கையும்.”

“ஓமக்கா.”

“வீட்ட வந்து இரண்டு கிழமை, இந்தக் கிணத்தடியில நிண்டு ஏத்திப் பாத்தன். கத்திப் பாத்தன். அயலுக்கை சிரிக்குதுகள், கிழவிக்குப் பேய் பிடிச்சிட்டுதெண்டு. தொண்டை கட்டி மூண்டு நாள் கதைக்கேல்லை.”

“அந்த மூண்டு நாளும் வீடு நல்ல அமைதி,” என்றார் சிங்கராசா. அருள்நாயகி திரும்பிப் பார்த்தார். சிங்கராசா முழங்காலுக்கு எண்ணெய் பூசத் தொடங்கினார்.

கொன்ஸ்ரன்ரைன் மன்னிப்புக் கேட்டார். ஆய்விதழில் திருத்தம் எழுதுவதாகவும், புத்தகத்தின் அடுத்த பதிப்பில் மாற்றுவதாகவும் சொன்னார்.

“அதை ஆர் வாசிக்கிறது? இஞ்ச பெட்டையள் எல்லாம் உங்கட புத்தகத்தைப் பாத்துத்தான் பழகுதுகளெண்டு இப்பதான் தெரியும். போன வரியமே நான் ஒரு இடத்தில நிக்க, பின்பாட்டு என்னை மேல இழுத்துக்கொண்டு போச்சுது. நான்தான் இறங்கிறனாக்கும் எண்டு இருந்தனான்.” யோசித்தார். “பெரிய வெள்ளிக்கு நான் பாடுறன். நீங்கள் வாங்கோ. எல்லாருக்கும் முன்னால இதைச் சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு எனக்குப் பக்கத்தில நிண்டு பின்பாட்டுப் பாடுங்கோ. அதுகள் ஏறட்டும், நீங்கள் ஏறாமல் நில்லுங்கோ. எனக்கு ஒரு துணை வேணும்.”

“அக்கா, நான் பாடுறேல்லை.”

“படிப்பிக்கிறியள்தானே?”

திரும்பும் வழியில் தாழ்வுபாட்டில் இறங்கி றோஸ்மேரியிடமும் சொன்னார். அவர் அழுவார் என்று பயந்துகொண்டு போனார். றோஸ்மேரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கேடயம் இருந்த அலுமாரியை ஒருதரம் பார்த்தார்.

“சேர், நாங்கள் பத்து வரியமா ஏத்திப் பாடுறம். எங்கட சின்னப் பிள்ளையளுக்கு வேற விதமாப் பாடத் தெரியாது. சனம் அழுகுது. பிழையெண்டால், அழுத கண்ணீரை என்ன செய்யிறது?”

“அதுக்கில்லை பிள்ளை, உண்மை...”

“உண்மையில இப்ப தாழ்வுபாட்டில ஏறுசுருதி இருக்குது சேர். வந்து பதிஞ்சு பாருங்கோ. கரண்ட் இருக்கு.”

அவர் வீட்டுக்குப் போய்த் திருத்தக் கட்டுரையை இரண்டு இரவில் எழுதினார். 1994இல் இல்லாத ஒரு வழக்கு 2013இல் இருக்கிறது, அதற்குக் காரணம் அதை ஆராய்ந்தவர் என்பதுதான் சாரம். தன்னைத் தானே கல்லால் எறிகிற கட்டுரை என்று நினைத்து அனுப்பினார். பரிசுத்த வாரச் செவ்வாய்க்கிழமை ஆய்விதழ் ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. மிகப் புதுமையான கோட்பாடு, நாற்பது பக்கத்துக்கு விரிக்க முடியுமா, சிறப்பிதழ் ஒன்று போடலாம். துறைத்தலைவர் கைகொடுத்தார். கொன்ஸ்ரன்ரைன் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை விடத்தல்தீவுக் கோயில் நிறைந்திருந்தது. பசாம் தொடங்கமுன் கொன்ஸ்ரன்ரைன் வாசக மேடையில் ஏறி, பங்குச் சனத்துக்கு உண்மையைச் சொன்னார். நான் எழுதியது பிழை, அருள்நாயகி அக்கா பாடுவதுதான் சரி, தெரிந்தும் மூன்று வருடம் மறைத்தேன் என்றார். சனம் அமைதியாகக் கேட்டது. இறங்கி வரும்போது முன்வரிசையில் இருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், “எவ்வளவு பெரிய படிப்பாளி, என்ன பணிவு பாத்தீங்களோ” என்றது அவருடைய காதில் விழுந்தது.

அருள்நாயகி தொடங்கினார். கொன்ஸ்ரன்ரைன் பக்கத்தில் நின்றார். முதல் அடியைத் திருப்பி எடுக்கும்போது அவருடைய குரல் அவருக்கே வேறு ஆளுடையது போல இருந்தது. இரண்டாம் அடி பரவாயில்லை. மூன்றாம், நான்காம் அடியில் பின்னால் நின்ற பெண்பிள்ளைகள் மெல்ல மேலே போகத் தொடங்கினார்கள். கொன்ஸ்ரன்ரைன் ஏறக்கூடாது, ஏறக்கூடாது என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, இருந்த பயம் எல்லாவற்றையும் கூட்டிப் பாடினார். அருள்நாயகி நிறுத்தினார். பின்பாட்டு முழுவதும் நின்றது. அவர் தன்னுடைய இடத்திலிருந்து, அவசரமில்லாமல், அடுத்த அடியைத் தொடங்கினார். பிள்ளைகள் அதைக் கேட்டுக் கீழே இறங்கினார்கள். ஐந்து அடி கழித்து மறுபடி நிறுத்தினார். பிறகு இன்னொரு தரம். மூன்றாம் தரம் நிறுத்தியபோது பின்னால் எல்லோரும் இறங்கியிருந்தார்கள். ஒரு குரல் மட்டும் ஒரு நூல் மேலே தனியாக நின்றது. அது யாருடையது என்று கண்டுபிடிக்கக் கருவி தேவைப்படவில்லை.

வெளியில் சனம் கலைந்துகொண்டிருந்தது. சிங்கராசா கைத்தடியோடு படியில் இருந்தார். கொன்ஸ்ரன்ரைன் சட்டையை நனைத்திருந்த வியர்வையோடு வந்து நின்றார்.

“நீங்கள் எழுதினது முழுக்கப் பிழையில்லை தம்பி,” என்றார் அருள்நாயகி. “ஏறுறது உண்மைதான். ஆனா எனக்கில்லை, உங்களுக்கு.”

“அக்கா, நான் பாடுறேல்லையெண்டு சொன்னனே. அடுத்த வரியம் வேற ஆரையும் பாருங்கோ.”

“ஆர் விட்டது? மூண்டு வரியம் மறைச்சனீங்கள். மூண்டு வரியம் வந்து நில்லுங்கோ. இது ஒண்டு.”

கொன்ஸ்ரன்ரைன் லேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். சிங்கராசா நகர்ந்து படியில் அவருக்கு இடம் விட்டார்.

“இருங்கோ தம்பி,” என்றார். “களைப்பு எண்டால் எனக்குத் தெரியும்.”